குப்பமேட்டுப் பக்கம் வீடு, போர் தண்ணி சரியில்லையா? எத எத செக் பண்ணணும், எப்ப நிறுத்தணும்

நம்ம வேலை மோட்டார் ரிப்பேர், டேங்க் கழுவுறது, ஃபில்டர் மாட்டுறது. சென்னைல கொடுங்கையூர் எழில் நகர், முத்தமிழ் நகர் பக்கந்தான் நிறைய கூப்பிடுவாங்க, அப்பப்ப பெருங்குடி, பள்ளிக்கரணை பக்கமும் போவேன். ரெண்டு எடத்துலயும் 1980கள்லேருந்து குப்பை கொட்டியிருக்காங்க, கொடுங்கையூர் சுமார் 340 ஏக்கர், பெருங்குடி சுமார் 225 ஏக்கர், பெருங்குடி மேடு சதுப்பு நிலத்து மேலயே உக்காந்திருக்கு. அடியில ஒரு ஷீட்டு கூட விரிக்காம கொட்டின குப்பை, மழ பேஞ்சா ஊறி ஊறி கறுப்பா ஒரு சாறு மண்ணுக்குள்ள இறங்கும். இப்ப பயோமைனிங், அதாவது பழைய குப்பைய தோண்டி தரம் பிரிக்கிறது, பண்ணி மேட்ட எடுத்துட்டு வராங்க, நல்ல விஷயம், ஆனா இத்தன வருஷமா கீழ இறங்கின சாறு அதோட போயிடாது, அது நிலத்தடி தண்ணில மெதுவா நகந்துட்டேதான் இருக்கும்.

ஒரே கம்ப்ளைண்டுக்கு திரும்பத் திரும்ப போறதால எந்த வரிசைல பாக்குறேன்னு எழுதி வெக்கிறேன். காசு கம்மியா ஆகுறத முதல்ல பாருங்க. எத்தனையோ வீட்டுல நேரா ஆர்ஓ மெஷின் வாங்கி மாட்டிட்டு அப்புறம் பாத்தா பிரச்சன மாடி டேங்க்ல செத்துக் கெடந்த பல்லி.

எந்தக் கோளாறா இருந்தாலும் முதல்ல மூணு பாட்டில்

ஒரே மாதிரி வெள்ள பாட்டில் மூணு எடுத்துக்கோங்க, வாட்டர் பாட்டிலே போதும், நல்லா கழுவிட்டு. முதல் பாட்டில் போர்லேருந்து நேரா, அதாவது மோட்டார் போட்டு பத்து நிமிஷம் ஓட விட்டுட்டு டேங்க்குக்கு ஏறுறதுக்கு முன்னாடி. ரெண்டாவது மாடி டேங்க்லேருந்து. மூணாவது கிச்சன் குழாய்ல, காலைல எழுந்து முதல்ல தொறக்குறப்ப வர்ற தண்ணி. மூணுலயும் மார்க்கர்ல நம்பர் போட்டு ஜன்னல் ஓரமா வெச்சுட்டு ஒரு நாள் விடுங்க.

முதல் பாட்டில் நல்லா இருந்து மத்தது கெட்டிருந்தா கோளாறு உங்க வீட்டுக்குள்ள, குப்பமேட்ட திட்ட வேண்டாம். மூணும் ஒரே மாதிரி கெட்டிருந்தா நிலத்துலயே கோளாறு. இது தெரியாம எந்த ஃபில்டரும் வாங்காதீங்க.

புடிக்கும்போது தெளிவா இருக்கு, கொஞ்ச நேரத்துல மஞ்சளாகி அடியில செவப்பா படியுது

இது இரும்பு. நிலத்துக்குள்ள காத்து படாம இருக்குறப்ப கரைஞ்சு கண்ணுக்கு தெரியாம இருக்கும், வெளிய வந்து காத்து பட்டதும் துருவா மாறி படியும். வெள்ள வேட்டி ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் காவி ஏறுறது இதனாலதான்.

சந்தேகமா இருந்தா டீ போட்டு பாருங்க. பால் ஊத்தாம வெறும் டிகாஷன் மட்டும், ஒரு டம்ளர் கேன் தண்ணில ஒண்ணு, ஒரு டம்ளர் போர் தண்ணில ஒண்ணு. இரும்பு நிறைய இருந்தா போர் தண்ணி டிகாஷன் மை கலந்த மாதிரி கருநீலமா மாறிடும், மேல ஒரு ஆடை மாதிரி மின்னும். எழில் நகர்ல ஒரு அக்கா வீட்டுல டீத்தூள் கலப்படம்னு சொல்லி மூணு கம்பெனி மாத்திட்டாங்க, கடைசில ரெண்டு டம்ளரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டினப்பதான் அடுப்பு பக்கத்துலேருந்து எழுந்து வந்து பாத்தாங்க.

காரணம் வரிசையா:

1. பழைய ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப், இல்ல துருப்பிடிச்ச கேசிங் (போர் ஓட்டைக்குள்ள எறக்குற குழாய்). மூணாவது பாட்டில் மட்டும் செவப்புன்னா வீட்டு பைப்புதான், அத மாத்தினா போதும். மோட்டார் போட்டதும் போர்லேருந்து வர்ற தண்ணியே செவப்பு, ஆனா பத்து நிமிஷம் ஓடினதும் கொறையுதுன்னா கேசிங்.

2. கோடைல தண்ணி மட்டம் எறங்கி மோட்டார் அடிக்கசடையும் சேத்து இழுக்குது. மோட்டார ஒரு பத்து அடி மேல தூக்கிக் கட்டினா சரியாகும், மெக்கானிக் வேணும் ஆனா பெரிய செலவு இல்ல. தூக்கிக் கட்டப் போற உயரத்துக்கு மேல தண்ணி நிக்குதான்னு பாத்துட்டுதான் தூக்கணும்.

3. மண்ணுலயே இருக்குற இரும்பு. இதுக்கு தண்ணிய உயரத்துலேருந்து ஷவர் மாதிரி டேங்க்ல விழ வெச்சு ராத்திரி பூரா தெளிய விட்டாலே பெரும்பகுதி அடியில தங்கிடும், அப்புறமும் போகலன்னா இரும்பு ஃபில்டர்.

4. குப்ப சாறு. இது இறங்குற எடத்துல மண்ணுல இருக்குற ஆக்சிஜன் எல்லாம் தீந்துபோய் மண்ணுல ஒட்டிட்டிருந்த இரும்பும் மாங்கனீசும் கரைஞ்சு வெளிய வரும். டேங்க் சுவத்துல விரல் வெச்சு தேச்சா கரி மாதிரி கறுப்பா ஒட்டுதுன்னா மாங்கனீசு.

மூணுக்கும் நாலுக்கும் வித்தியாசம் கண்ணால கண்டுபிடிக்க முடியாது. லேப்ல அம்மோனியாவும் சேத்து பாக்க சொல்லுங்க. குடிதண்ணில அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டு குடிதண்ணி தர விதி ஐஎஸ் 10500 சொல்லுது. இரும்பு மட்டும் இருந்து அம்மோனியா இல்லன்னா ஃபில்டரோட முடிஞ்சது. இரும்பும் அம்மோனியாவும் சேந்து ஏறியிருந்தா ஃபில்டர் ஆள கூப்பிடாதீங்க, அந்த போர குடிக்கறதுக்கு நிறுத்திட்டு கீழ கடைசில எழுதியிருக்குற டெஸ்டுக்கு போங்க.

அழுகின முட்ட நாத்தம்

ஒரு டம்ளர்ல புடிச்சுக்கிட்டு ஹாலுக்கு வந்து மோந்து பாருங்க. நாத்தம் இல்லன்னா தண்ணி நல்லாதான் இருக்கு, சிங்க் அடியில வளைஞ்ச பைப்புல (டிராப்) தண்ணி வத்திப்போய் சாக்கடை காத்து மேல வருது. ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தினா நின்னுடும்.

டம்ளர்லயும் நாறுதா, அப்ப மறுபடி மூணு பாட்டில். டேங்க் தண்ணில மட்டும்னா டேங்க் கழுவி எத்தன மாசம் ஆச்சுன்னு யோசிங்க, அடியில ஒரு விரக்கடை சேறு இருந்தாலே கோடைல நாறும். போர் தண்ணில ஆனா ஓட ஓட கொறையுதுன்னா ரொம்ப நாளா ஓடாம கெடந்த போர், தெனம் அரை மணி ஓட விட்டா சில நாள்ல போயிடும். அரை மணி ஓடின பிறகும் அதே நாத்தம், மழைக்காலத்துல இன்னும் அதிகம்னா செப்டிக் டேங்க் கசிவு அல்லது குப்ப சாறு, ரெண்டுல ஒண்ணு. இதுல முதல்ல உங்க செப்டிக் டேங்க்கையும் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க்கையும் பாருங்க, போர்லேருந்து எத்தன அடி தள்ளி இருக்குன்னு டேப் வெச்சு அளங்க. 30 கெஜம் தள்ளி இருக்கணும்னு பெரியவங்க சொல்லுவாங்க, நம்ம பக்கம் அரை கிரவுண்டு வீட்டுல பத்தடில ரெண்டும் இருக்கு, அதுதான் நெசம்.

இங்க ஒண்ணு கெஞ்சி கேட்டுக்குறேன். நாத்தம் வருதுன்னு சம்புக்குள்ள (தரைக்கு அடியில இருக்குற தண்ணி தொட்டி), கெணத்துக்குள்ள யாரையும் எறக்காதீங்க, நீங்களும் எறங்காதீங்க. அந்த முட்ட நாத்தம் அடிக்கிற காத்துதான் ஆள மயக்கம் போட வெக்கிறது, அது கூடுதலா இருக்குறப்ப மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. உள்ள ஒருத்தர் விழுந்தா தூக்க எறங்குறவரும் விழுவாரு. மூடிய தொறந்து வெச்சுட்டு, மோட்டார் போட்டு தண்ணிய வெளிய தள்ளிட்டு, மேலேருந்து பிரஷ்ஷ நீட்டு கம்புல கட்டி கழுவுற ஆளுங்கள கூப்பிடுங்க. யாராவது விழுந்துட்டா 101க்கும் 108க்கும் போன் பண்ணுங்க, எறங்காதீங்க.

மெட்ரோ தண்ணில முதல் பத்து நிமிஷம் கறுப்பா சாக்கடை வாடையோட வருது

இது போர் பிரச்சன இல்ல, மெட்ரோ வாட்டர் வாரியம் குழாய்ல விடுற தண்ணி, ஆனா குப்பமேட்டு தெருவுல எல்லாரும் குப்பையதான் சொல்லுவாங்க அதனால இதையும் எழுதறேன். லைன்ல எந்நேரமும் தண்ணி அழுத்தத்தோட இருக்காது, விட்டு விட்டு வரும். தண்ணி இல்லாத நேரத்துல அடிபம்போ மோட்டாரோ போட்டு லைன உறிஞ்சினா பைப்புல எங்க ஓட்ட இருக்கோ அங்க சுத்தி நிக்கிற சாக்கடைய உள்ள இழுத்துக்கும். லைன்ல நேரா மோட்டார் மாட்டுறது சட்டப்படியும் தப்பு, அதவிட முக்கியம் அது உங்க தெரு மொத்தத்துக்கும் சாக்கடைய இழுத்து விடும்.

முதல்ல உங்க அடிபம்பு குழிய பாருங்க. மழைல குழி நெறஞ்சு பம்பு கழுத்து வரைக்கும் தண்ணி நின்னா அந்த தண்ணிதான் உள்ள போகுது, குழிய மேல தூக்கிக் கட்டுங்க.

அடுத்து சம்பு. இந்த டெஸ்ட் நல்லா வேல செய்யும்: சம்ப பாதி நெறச்சுட்டு உள்ள வர்ற வால்வ மூடிட்டு, மோட்டாரும் போடாம, சுவத்துல தண்ணி மட்டத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. ராத்திரி பூரா விட்டுட்டு காலைல டார்ச் அடிச்சு பாருங்க. மட்டம் எறங்கியிருந்தா சம்புல வெடிப்பு, தண்ணி வெளிய போகுது. மட்டம் ஏறியிருந்தா அதுதான் மோசம், வெளிய இருக்குற நிலத்தடி தண்ணி வெடிப்பு வழியா உள்ள வருது, நவம்பர்ல மண்ணுக்குள்ள தண்ணி ரெண்டு மூணு அடியில நிக்கிறப்ப இப்படி ஆகும். முத்தமிழ் நகர்ல ஒரு வீட்டுல நாலு விரக்கடை ஏறியிருந்துச்சு, அந்த வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா மெட்ரோ தண்ணிதான் குடிக்கிறோம்னு நம்பிட்டு இருந்தாரு. கொத்தனார் வெச்சு உள்பக்கம் வாட்டர் ப்ரூஃப் பூசினதும் நின்னுச்சு.

சம்பும் குழியும் சரி, வர்ற தண்ணியே கறுப்புன்னா தெரு லைன். பக்கத்து ரெண்டு வீட்டுலயும் கேளுங்க, அங்கயும் அப்படின்னா மெட்ரோ வாட்டர் 1916க்கு கம்ப்ளைண்ட் போட்டு நம்பர் வாங்கி வெச்சுக்கோங்க, ரோட்ட தோண்டுறது அவங்க வேல, பிளம்பர வெச்சு தோண்டாதீங்க.

சரி பண்ணின பிறகு டேங்க்க கழுவி பிளீச்சிங் பவுடர் போடணும். தெளிஞ்ச தண்ணி 1000 லிட்டருக்கு 2.5 கிராம், சுமாரா அரை டீஸ்பூன், பக்கெட்ல கரைச்சு சுண்ணாம்பு அடியில தங்கினதும் மேல் தண்ணிய மட்டும் ஊத்தி ஒரு மணி நேரம் விடுங்க. அப்புறம் குளோரின் டெஸ்ட் பண்ற சொட்டு மருந்து போட்டா மஞ்சளாகணும், 0.2 மில்லிகிராமாவது நிக்கணும். போட்ட உடனே பத்து செகண்டுக்குள்ள மஞ்சள் வந்தாதான் கணக்கு. அஞ்சு நிமிஷம் கழிச்சு மெதுவா மஞ்சளாச்சுன்னா குளோரின் அம்மோனியாவோட சேந்துடுச்சு, கிருமிய கொல்ற வேகம் ரொம்ப கம்மி. எவ்ளோ பவுடர் போட்டாலும் உடனே மஞ்சளே வரலன்னா இன்னும் இன்னும் கொட்டாதீங்க, அந்த தண்ணில அம்மோனியாவும் சாக்கடையும் நிறைய இருக்குன்னு அர்த்தம், குடிக்க லாயக்கில்ல.

வீட்டுல ரெண்டு பேருக்கு மேல ஒரே நேரத்துல வாந்தி பேதின்னா தண்ணிய நோண்டிட்டு இருக்க வேண்டாம், ஓஆர்எஸ் கரைச்சு குடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு போங்க.

மேல எண்ணெய் மாதிரி படலம் மின்னுது

பக்கெட்ல ஒரு நாள் வெச்ச தண்ணி மேல வானவில் கலர்ல படலம் இருந்தா ஒரு ஈர்க்குச்சியால கிழிச்சு பாருங்க. கண்ணாடி உடைஞ்ச மாதிரி துண்டு துண்டா பிரிஞ்சு நின்னா அது இரும்பு தின்னுற பாக்டீரியா போட்ட ஆடை, மேல இரும்புக்கு சொன்ன வழியே போதும். கிழிச்ச எடம் உடனே வழுக்கி வந்து சேந்துக்கிச்சுன்னா எண்ணெய்.

எண்ணெய்னா மோட்டார்லேருந்து கசியுதான்னு மெக்கானிக்க விட்டு பாக்க சொல்லுங்க, எண்ணெய் ரொப்புன பழைய சப்மெர்சிபிள் மோட்டார்ல (தண்ணிக்குள்ள முங்கி ஓடுறது) சீல் போனா கசியும். மோட்டார் சரி, பெட்ரோல் டீசல் வாசனையும் வருதுன்னா அன்னைக்கே மோட்டார ஆஃப் பண்ணுங்க, பக்கத்துல தீக்குச்சி உரசாதீங்க. 2013ல தண்டையார்பேட்டைல பூமிக்குள்ள போற எண்ணெய் பைப்லைன் கசிஞ்சு போர்ல டீசல் வந்துச்சு, வடசென்னைக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். இதுக்கு வீட்டுல பண்ற வைத்தியம் எதுவும் கெடையாது, மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்துல குடுங்க.

வருஷா வருஷம் உப்பு ஏறிட்டே போகுது, பருப்பு வேகல, சோப்பு நுரைக்கல

டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணில கரைஞ்ச மொத்த உப்ப அளக்குறது, சில நூறு ரூபாதான், வாங்கி வெச்சுக்கோங்க, மே மாசம் ஒரு தடவ பொங்கலுக்கு அப்புறம் ஒரு தடவ அளந்து போர் சுவத்துலயே பெயிண்ட்ல எழுதி வைங்க. 500 வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும் ஒத்துக்கலாம்னு ஐஎஸ்ல இருக்கு.

உப்பு ஏறினா உடனே குப்பைன்னு முடிவு பண்ண முடியாது. கடல் பக்கம் எல்லாரும் உறிஞ்ச உறிஞ்ச உப்புத்தண்ணி உள்ள வரும், பள்ளிக்கரணை சதுப்புலயும் உப்பு உண்டு. மழைக்கு அப்புறம் உப்பு கொறைஞ்சா நல்ல அறிகுறி, மழை தண்ணி போர் பக்கத்துல உறிஞ்சு குழி வெட்டி விட்டா இன்னும் கொறையும், ஆனா கூரை தண்ணிய மட்டும் விடுங்க, தெருத்தண்ணிய விடாதீங்க. மழைக்கு அப்புறம் கொறையறதுக்கு பதிலா ஏறிச்சுன்னாதான் எனக்கு பயம் வரும், ஏன்னா மழதான் சாற கீழ தள்ளுது. அப்ப குளோரைடு, அம்மோனியா ரெண்டையும் லேப்ல பாக்கணும். குளோரைடு மட்டும் ஏறியிருந்தா உப்புத்தண்ணி, ரெண்டும் சேந்து ஏறியிருந்தா குப்பையோ சாக்கடையோ.

ஆர்ஓ மாட்டியும் வாடை போகல

உள்ள போற தண்ணியையும் வெளிய வர்ற தண்ணியையும் மீட்டர்ல அளங்க. பத்துல ஒரு பங்கா கொறைஞ்சிருந்தா மெம்பிரேன் (உப்ப வடிகட்டுற சவ்வு) நல்லாருக்கு, பாதிதான் கொறைஞ்சிருந்தா மெம்பிரேன் போச்சு. மெம்பிரேன் நல்லாருந்தும் வாடை வருதுன்னா அது காத்து வடிவத்துல கரைஞ்சிருக்கிறது, முட்ட நாத்தமும் அம்மோனியாவும் மெம்பிரேன தாண்டி வந்துடும். வாடைய உறிஞ்சுற கார்பன் ஃபில்டர மாத்தினா பத்து நாள் தாங்கும், திரும்ப வரும். இன்னொரு மெஷின் வாங்காதீங்க, போர மாத்துங்க, அதாவது குடிக்க வேற தண்ணி பாருங்க.

கலர் இல்ல, வாடை இல்ல, டேஸ்ட்டும் நல்லாருக்கு

நான் ரொம்ப பயப்படுறது இதுக்குத்தான், இதுக்கு என்ன யாரும் கூப்பிடுறதும் இல்ல.

ஒரு வீட்டுக்கு மோட்டார் மாட்டப் போயிருந்தேன், மூணு மாச கொழந்தைக்கு பவுடர் பால் கலக்க போர் தண்ணிய கொதிக்க வெச்சிட்டு இருந்தாங்க. கொழந்தையோட பாட்டி சொன்னாங்க, "டிடிஎஸ் நானூத்தி எம்பதுதான்பா காட்டுது, இந்த ஏரியால இதவிட நல்ல தண்ணி எங்க கெடைக்கும்"னு. மீட்டர் கரெக்ட்டுதான். ஆனா மீட்டர் மொத்த உப்பு எவ்ளோன்னு சொல்லும், என்ன உப்புன்னு சொல்லாது. நான் கெஞ்சினதுக்காக லேபுக்கு குடுத்தாங்க, நைட்ரேட் 45 மில்லிகிராம தாண்டி இருந்துச்சு. 45தான் எல்லை, வேற தண்ணி இல்லன்னாலும் அதுக்கு மேல குடிக்கக் கூடாது. ஆறு மாசத்துக்கு உட்பட்ட கொழந்தைக்கு நைட்ரேட் போனா ரத்தம் ஆக்சிஜன சுமக்க முடியாம ஒதடு நகம் எல்லாம் நீலமாகும். கொதிக்க வெச்சா நைட்ரேட் போகாது, தண்ணி ஆவியாக ஆவியாக இன்னும் கெட்டியாகும், அந்த வீட்டுல பாசத்தோட பத்து நிமிஷம் கொதிக்க வெச்சதெல்லாம் அதத்தான் பண்ணிட்டு இருந்துச்சு. ஒதடு நீலமா தெரிஞ்சா 108தான், வேற யோசனையே வேண்டாம்.

ஈயம், காட்மியம், பாதரசம் இதுக்கும் அப்படித்தான், பேட்டரியும் ட்யூப் லைட்டும் பெயிண்ட் டப்பாவும் குப்பைல சேந்து கெடக்குறப்ப வரும், ஈயத்துக்கு எல்லை 0.01 மில்லிகிராம், நாக்குக்கு தெரியவே தெரியாது. யூவி லைட்டு, கேண்டில் ஃபில்டர், படிகாரம், கொதிக்க வெக்கிறது எதுவும் ஈயத்த நிறுத்தாது.

அதனால குப்பமேட்டு பக்கம் போர் தண்ணி குடிக்கிற எல்லாரும், தண்ணி எவ்ளோ நல்லா இருந்தாலும், வருஷம் ரெண்டு தடவ டெஸ்ட் குடுங்க. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல தண்ணி பாப்பாங்க, மத்த ஊர்ல குடிநீர் வடிகால் வாரியத்து மாவட்ட லேப் இருக்கு, லேப் தரத்த சோதிக்கிற என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள தனியார் லேபும் இருக்கு. வெறும் "டிரிங்கிங் வாட்டர் டெஸ்ட்"னு கேட்டா சாதாரண லிஸ்ட்தான் பாத்து குடுப்பாங்க, வாயத் தொறந்து பேர் சொல்லி கேளுங்க: அம்மோனியா, நைட்ரேட், குளோரைடு, இரும்பு, மாங்கனீசு, ஈயம், காட்மியம், குரோமியம், ஈ கோலை (மலத்துலேருந்து வர்ற கிருமி). போர் குப்பமேட்டு பக்கத்துல இருக்குன்னும் சொல்லிடுங்க.

தண்ணி புடிக்கிறதுல தப்பு பண்ணினா டெஸ்ட் வேஸ்ட். மோட்டார் பத்து நிமிஷம் ஓடணும். கெமிக்கலுக்கு புது ரெண்டு லிட்டர் கேன், அதே தண்ணில மூணு தடவ அலசிட்டு கழுத்து வரைக்கும் நெறைங்க. ஈ கோலைக்கு லேப் குடுக்குற சீல் பாட்டில்தான், அத அலசக் கூடாது, குழாய் வாய ஸ்பிரிட் போட்டு தொடைச்சிட்டு, மூடிக்குள்ள விரல் படாம புடிச்சு, ஐஸ் வெச்ச டப்பால அன்னைக்கே கொண்டு போங்க. ஈயம் மாதிரி உலோகத்துக்கு லேப்லயே ஆசிட் சொட்டு போட்ட பாட்டில் குடுப்பாங்க, கேட்டு வாங்குங்க.

ரிப்போர்ட்ல நைட்ரேட், அம்மோனியா, உலோகம் இதுல எது ஒண்ணு எல்லைய தாண்டினாலும் அந்த போர குடிக்க, சமைக்க, பவுடர் பால் கலக்க நிறுத்துங்க. ஈ கோலை மட்டும்னா சம்பு, செப்டிக் டேங்க் சரி பண்ணி குளோரின் போட்டு திரும்ப டெஸ்ட் பண்ணி பாக்கலாம். உலோகம் வந்தா ஃபில்டர் விக்கிறவர் பேச்ச கேட்டு முடிவு பண்ணாதீங்க, ரிப்போர்ட்ட டாக்டர்கிட்ட காட்டி வீட்டுல யாருக்கு ரத்தத்துல ஈயம் பாக்கணும்னு கேளுங்க, கொழந்தைங்க, புள்ளத்தாச்சி இருந்தா கண்டிப்பா. போர ஆழமா எறக்கினா நல்ல தண்ணி வரும்னு சொல்லுவாங்க, மேல் கேசிங் சரியா சிமெண்ட் போட்டு அடைக்கலன்னா மேல் தண்ணியே அந்த ஓட்ட வழியா கீழ போயிடும், நல்ல அடித்தண்ணியும் கெட்டுப்போகும், அதனால நிலத்தடி நீர் பாக்குற இன்ஜினியர் ஒருத்தர் சொல்லாம லட்சக்கணக்குல செலவு பண்ணி எறக்காதீங்க.

நிறுத்தின போர் தண்ணி கக்கூஸுக்கு, வாசல் கழுவ வெச்சுக்கலாம். அந்த லைன் கிச்சன் லைனோட எங்கயும் சேரக் கூடாது, பழைய டீ ஜாயிண்ட், வால்வு எதுவா இருந்தாலும் வெட்டி எண்ட் கேப் போட்டுடுங்க, வால்வ மூடி வெச்சா மட்டும் போதாது, யாராவது ஒரு நாள் தெரியாம தொறப்பாங்க. நான் போற வீட்டுல அந்த குழாய்க்கு செவப்பு பெயிண்ட் அடிச்சிட்டு, மேல "குடிக்காதே"ன்னு எழுதி தேதியும் போட்டுட்டுதான் வருவேன், வாடகைக்கு அடுத்து வர்றவங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க பாருங்க.